ஐஐஎஸ்-ல் முதல் ஆள் திறக்கும்போது மட்டும் 40 விநாடி: எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

கேள்வி

வணக்கம். அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படும் சரக்கு இருப்பு அப்ளிகேஷன் ஒன்று. ஏஎஸ்பி டாட் நெட் எம்விசி 5, டாட் நெட் ஃப்ரேம்வொர்க் 4.8, என்டிட்டி ஃப்ரேம்வொர்க் 6 கோட் ஃபர்ஸ்ட் (டேபிள்களைக் கிளாஸ்களாகக் கையாளும் லைப்ரரி). விண்டோஸ் சர்வர் 2016-ல் ஐஐஎஸ் 10 (மைக்ரோசாஃப்டின் வெப் சர்வர்) ஓடுகிறது. அதே மெஷினில் எஸ்க்யூஎல் சர்வர் 2017 எக்ஸ்பிரஸ். விண்டோஸ் ஆதென்டிகேஷன். பயன்படுத்துபவர்கள் சுமார் 30 பேர்.

காலையில் முதலில் திறப்பவருக்கு முகப்புப் பக்கம் வர 40 விநாடி ஆகிறது. அடுத்தவருக்கு ஒரு விநாடிக்குள் வந்துவிடுகிறது. அன்று யாரும் தொடாத பக்கத்துக்குப் போனால் 2, 3 விநாடி. சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்து முதல் கிளிக் செய்தால் 6, 7 விநாடி. புது வெர்ஷன் ஏற்றிய உடனே பழையபடி 40.

ரேம் 8 ஜிபியிலிருந்து 16 ஆக்கியாயிற்று, வித்தியாசம் இல்லை. இண்டெக்ஸ் ரீபில்டு செய்தும் பலன் இல்லை. ஆப் பூலில் (அப்ளிகேஷன் ஓடும் ப்ராசஸுக்கான ஐஐஎஸ் அமைப்பு) ஐடில் டைம்-அவுட்டை (ஆள் வராவிட்டால் ப்ராசஸை மூடும் நேரம்) 0 ஆக்கிய பிறகு சில நாள் காலையில் தாமதம் இல்லை, ஆனால் அதே 40 விநாடி திடீரென மதியம் 2 மணிக்கு வருகிறது. கோடில் இருக்கிறதா, சர்வரிலா, டேட்டாபேஸிலா என்று பிரித்துப் பார்க்க என்ன வழி?

பதில் 1

நீங்கள் சொன்னதில் ஒரே வியாதி இல்லை, குறைந்தது மூன்று இருக்கின்றன. எல்லாம் "முதல் தடவை மெதுவாக" என்ற ஒரே முகத்தோடு வருவதால் ஒன்றாகத் தெரிகிறது. எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் பிரித்துவிடுங்கள்.

முதலில் பிரவுசரா சர்வரா என்பது. எஃப்12 அழுத்தி நெட்வொர்க் தாவலில் முதல் ரிக்வெஸ்ட்டின் டைமிங்கைப் பாருங்கள். "வெயிட்டிங் ஃபார் சர்வர் ரெஸ்பான்ஸ்" என்ற பச்சைப் பட்டைதான் 40-ல் 38 விநாடி என்றால் ஜாவாஸ்கிரிப்ட், படங்கள், கம்ப்ரெஷன் எதையும் யோசிக்கவே வேண்டாம். ஐஐஎஸ் லாகில் டைம்-டேக்கன் புலமும் இதையே மில்லிவிநாடியில் சொல்லும்.

அடுத்தது ப்ராசஸ். டாஸ்க் மேனேஜரில் டீட்டெயில்ஸ் தாவலுக்குப் போய் டபிள்யூ3டபிள்யூபி-யின் (அப்ளிகேஷனை ஓட்டும் ஐஐஎஸ் வொர்க்கர் ப்ராசஸ்) பிஐடி எண்ணை, அதாவது ப்ராசஸின் அடையாள எண்ணைக் குறித்து வையுங்கள். தாமதம் வந்ததும் மறுபடி பாருங்கள். எண் மாறியிருந்தால் ப்ராசஸ் செத்துப் புதிதாகப் பிறந்திருக்கிறது: ஐடில் டைம்-அவுட் அல்லது ரீசைக்கிள் (பழைய ப்ராசஸை மூடிப் புதிதைக் கிளப்புவது). எண் மாறாமல் தாமதம் மட்டும் வந்தால் ஆப் டொமைன் (ப்ராசஸுக்குள் அப்ளிகேஷன் ஓடும் தனிப் பகுதி) ரீஸ்டார்ட் ஆகியிருக்கலாம், இல்லை டேட்டாபேஸ் தூங்கியிருக்கலாம். இந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் நாள் கணக்கில் செட்டிங் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

பிஐடி மாறியிருந்தால் காரணத்தை ஈவென்ட் வியூவர் சொல்லும். விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம், சோர்ஸ் டபிள்யூஏஎஸ் (ப்ராசஸ்களைக் கிளப்பி மூடும் விண்டோஸ் சர்வீஸ்). 5186 என்றால் ஆள் நடமாட்டம் இல்லாததால் மூடப்பட்டது. 5074 என்றால் ரீசைக்கிள் கால வரம்பு முடிந்தது.

உங்கள் மதியம் 2 மணிக்கு என் பதில் 5074. ஐடில் டைம்-அவுட் இயல்பாக 20 நிமிடம், அதை நீங்கள் 0 ஆக்கிவிட்டீர்கள். ஆனால் ரெகுலர் டைம் இன்டர்வல் என்ற இன்னொன்று இருக்கிறது. அது இயல்பாக 1740 நிமிடம், அதாவது 29 மணி நேரம். திங்கள் காலை 9 மணிக்கு ப்ராசஸ் கிளம்பினால் செவ்வாய் மதியம் 2 மணிக்கு ரீசைக்கிள். பிறகு புதன் இரவு 7, வியாழன் முடிந்து வெள்ளி பிறக்கும் நள்ளிரவு 12. தினம் ஒரே நேரத்தில் வராததால் யாருக்கும் பிடிபடாது. 29-ஐத் தேர்ந்ததே அது 24-க்கு அடுத்த பகா எண் என்பதால்தான், ரீசைக்கிள் ஒரே மணியில் மாட்டிக்கொள்ளாமல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆப் பூலின் ரீசைக்கிளிங் பகுதியில் ரெகுலர் டைம் இன்டர்வலை 0 ஆக்கி, ஸ்பெசிஃபிக் டைம்ஸில் அதிகாலை 4:00 என்று கொடுங்கள். ரீசைக்கிளை அடியோடு நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. மெமரி கசிவு மெதுவாக இருக்கும் அப்ளிகேஷனுக்கு அது தேவைப்படும். ஆள் இல்லாத நேரத்துக்குத் தள்ளினால் போதும்.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 4 மணிக்கு ரீசைக்கிள் ஆனால் புதுப் ப்ராசஸ் கிளம்பும், ஆனால் அப்ளிகேஷன் அதற்குள் ஏறியிருக்காது. 9 மணிக்கு வருபவர்தான் அதை எழுப்ப வேண்டும், அவருக்கு அதே 40 விநாடி. அதனால் ப்ரீலோடு (ஆள் வருவதற்கு முன்பே அப்ளிகேஷனை ஏற்றி வைப்பது) கட்டாயம்.

செய்ய வேண்டியது மூன்று இடத்தில் இருக்கிறது, ஒன்று விட்டாலும் வேலை செய்யாது. சர்வர் மேனேஜரில் வெப் சர்வர் ரோலுக்குக் கீழே அப்ளிகேஷன் டெவலப்மென்ட் என்ற பகுதியில் "அப்ளிகேஷன் இனிஷியலைசேஷன்" டிக் ஆகியிருக்க வேண்டும். ஐஐஎஸ் 8 முதல் இது கூடவே வருகிறது என்றாலும் தானாக இன்ஸ்டால் ஆகாது. அடுத்து ஆப் பூலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ஸ்டார்ட் மோடை ஆன் டிமாண்டிலிருந்து ஆல்வேஸ் ரன்னிங்குக்கு மாற்றுங்கள். கடைசியாக சைட்டின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ப்ரீலோடு எனேபிள்டு ட்ரூ. ஸ்டார்ட் மோடை மட்டும் மாற்றிவிட்டு "பலன் இல்லை" என்பவர்கள்தான் அதிகம். அது வெறும் ப்ராசஸைத்தான் கிளப்பும். ப்ரீலோடுதான் அதற்குள் ஒரு போலி ரிக்வெஸ்ட் அனுப்பி அப்ளிகேஷனை ஏற்றும்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் போலி ரிக்வெஸ்ட்டுக்கு யூசர் கிடையாது. விண்டோஸ் ஆதென்டிகேஷன் அதை 401 (அனுமதி இல்லை) கொடுத்துத் திருப்பிவிடும். ஐஐஎஸ் பதில் என்ன ஸ்டேட்டஸ் என்று பார்ப்பதில்லை, பதில் வந்தால் சூடேற்றம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். அதனால் அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஓடியிருக்கும், உங்கள் கன்ட்ரோலரோ டேட்டாபேஸோ தொடப்பட்டிருக்காது. 40 விநாடி 25 ஆகும், அவ்வளவுதான். எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பும் யூஆர்எல் ரீரைட் விதி இருந்தாலும் இதே கதை: போலி ரிக்வெஸ்ட் 301 (வேறு முகவரிக்குப் போ) வாங்கிக்கொண்டு போய்விடும். யூசர் ஏஜென்ட்டில் "இனிஷியலைசேஷன்" என்ற சொல் இருந்தால் அந்த விதி பொருந்தாதபடி ஒரு கண்டிஷன் சேர்த்துவிடுங்கள்.

401-க்குச் சுத்தமான வழி, சூடேற்றுவதற்கென்றே தனி ஃபோல்டரில் ஒரு ஏஎஸ்எச்எக்ஸ் ஹேண்ட்லர் (ரிக்வெஸ்ட்டுக்கு நேராகப் பதில் தரும் சின்னக் கோப்பு) வைப்பது. எம்விசி ரூட்டில் வைத்தால் ஐஐஎஸ் மேனேஜரில் அது தெரியாது. வெப்.கான்ஃபிகில் லொகேஷன் போட்டு அனானிமஸை (லாகின் இல்லாத அணுகலை) திறக்கப் பார்த்தால், அந்தப் பகுதி சர்வர் மட்டத்தில் பூட்டப்பட்டிருப்பதால் 500.19 பிழை வரும். உண்மையான ஃபோல்டராக இருந்தால் ஐஐஎஸ் மேனேஜரில் அதைச் சொடுக்கி, ஆதென்டிகேஷனில் அனானிமஸை மட்டும் எனேபிள் செய்யலாம். பிறகு வெப்.கான்ஃபிகின் சிஸ்டம்.வெப்சர்வர் பகுதியில் அப்ளிகேஷன் இனிஷியலைசேஷன் குறிச்சொல்லுக்குள் இனிஷியலைசேஷன் பேஜ் என்று அந்த ஹேண்ட்லரின் பாதையைக் கொடுங்கள். சைட்டுக்கு ஹோஸ்ட் ஹெடர் வைத்திருந்தால் ஹோஸ்ட் நேம் பண்பையும் நிரப்புங்கள்.

ஹேண்ட்லருக்குள் என்ன இருக்க வேண்டும்? ஒவ்வொரு டிபி கான்டெக்ஸ்டுக்கும் (டேட்டாபேஸோடு பேசும் என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கிளாஸ்) ஒரே ஒரு லேசான கேள்வி, சின்ன டேபிளிலிருந்து முதல் வரிசை ஒன்று எடுத்தால் போதும். பெரிய ரிப்போர்ட்டை இதில் ஓட்டக் கூடாது. எந்தத் தரவையும் வெளியே காட்டவும் கூடாது, "சரி" என்ற ஒற்றைச் சொல் போதும். கூடவே நேரத்தோடு ஒரு வரி உங்கள் லாகில் எழுதச் சொல்லுங்கள். 4 மணி 1 நிமிடத்துக்கு அந்த வரி இருந்தால்தான் ப்ரீலோடு உண்மையிலேயே உள்ளே வரை போயிருக்கிறது.

பதில் 3

ப்ரீலோடு சரிதான், ஆனால் அது 40 விநாடியைக் குறைப்பதில்லை. ஆள் பார்க்காத நேரத்துக்கு மாற்றுகிறது. புது வெர்ஷன் ஏற்றும்போது, சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்போது அந்த 40 அப்படியே நிற்கும். அதைக் குறைக்கும் வழியும் இருக்கிறது.

"யாரும் தொடாத பக்கம் 2, 3 விநாடி" என்றீர்களே, அது ரேசர் வியூ (பக்கத்தின் எச்டிஎம்எல் டெம்ப்ளேட்) கம்பைல் ஆகும் நேரம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு புதிய பக்கம் ஒன்றைக் கிளிக் செய்து பாருங்கள். சிஎஸ்சி என்ற ப்ராசஸ் ஒரு கணம் தலைகாட்டி மறையும். அது சி ஷார்ப் கம்பைலர். புரொடக்‌ஷன் சர்வரில் பகல் வேளையில் அது தெரியவே கூடாது.

வெப்.கான்ஃபிகில் கம்பைலேஷன் டீபக் ட்ரூ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பேட்ச் கம்பைலேஷன் நின்றுவிடும், ஒவ்வொரு வியூவும் தனித்தனி அசெம்பிளியாக, தனித்தனி கம்பைலர் ஓட்டமாக மாறும். வியூ எங்கே இருக்கிறது என்று எம்விசி கண்டுபிடித்ததை நினைவில் வைக்கும் கேஷும் டீபக்கில் வேலை செய்யாது. பப்ளிஷ் செய்யாமல் கோப்புகளைக் கையால் காப்பி செய்கிற இடங்களில் இது அப்படியே தங்கிவிடும். மறக்காமல் இருக்க ஒரு வழி: சர்வரின் மெஷின்.கான்ஃபிகில் டிப்ளாய்மென்ட் ரீடெயில் ட்ரூ. எந்த அப்ளிகேஷன் என்ன சொன்னாலும் டீபக் அணைந்துவிடும்.

அடுத்து ப்ரீகம்பைல். விஷுவல் ஸ்டூடியோ பப்ளிஷ் செட்டிங்ஸில் "ப்ரீகம்பைல் ட்யூரிங் பப்ளிஷிங்" டிக் செய்தால் மட்டும் போதாது. பக்கத்தில் உள்ள கான்ஃபிகர் இணைப்புக்குள் போய் "அலவ் ப்ரீகம்பைல்டு சைட் டு பி அப்டேட்டபிள்" என்பதன் டிக்கை எடுக்க வேண்டும். அது இருந்தால் வியூக்கள் கம்பைல் ஆகாமல் அப்படியே போகும், நீங்கள் ப்ரீகம்பைல் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சரியாக நடந்ததா என்று தெரிய, சர்வரில் போய் ஏதாவது ஒரு சிஎஸ்எச்டிஎம்எல் கோப்பை நோட்பேடில் திறங்கள். உங்கள் எச்டிஎம்எல்-க்குப் பதிலாக, இது ப்ரீகம்பைல் கருவி உண்டாக்கிய அடையாளக் கோப்பு, அழிக்காதே என்ற ஒற்றை ஆங்கில வரி இருக்க வேண்டும். ப்ராஜெக்ட் கோப்பில் எம்விசி பில்டு வியூஸ் ட்ரூ போடுவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பில்டு சமயத்தில் வியூவில் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், கம்பைல் செய்ததைச் சர்வருக்குக் கொண்டுபோகாது.

என்டிட்டி ஃப்ரேம்வொர்க் 6 அடுத்த பெரிய பங்கு. முதல் கேள்வி ஓடும்போது அது உங்கள் கிளாஸ்களிலிருந்து மாடலைக் கட்டுகிறது, மேப்பிங் வியூக்களை உருவாக்குகிறது, மைக்ரேஷன் (டேபிள் அமைப்பு மாற்றங்கள்) ஹிஸ்டரி டேபிளை எட்டிப் பார்த்து மாடல் பொருந்துகிறதா என்று சோதிக்கிறது. டேபிள் எண்ணிக்கை ஏற ஏற இது நீளும். டேட்டாபேஸ் இனிஷியலைசரை நல் ஆக்கினால் அந்தக் கடைசிச் சோதனை போய்விடும். ஆனால் அப்போது மைக்ரேஷனை ஓட்டுவது டிப்ளாய் செய்பவரின் பொறுப்பு, மறந்தால் பிழை ஏதோ ஒரு திரையில் பாதி வேலையில் வெடிக்கும். மாடல் கட்டுவதற்கு, 6.2 பதிப்பிலிருந்து மாடல் ஸ்டோர் வசதி இருக்கிறது: டிபி கான்ஃபிகரேஷன் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் செட் மாடல் ஸ்டோர் அழைத்து டிஃபால்ட் டிபி மாடல் ஸ்டோருக்கு ஒரு ஃபோல்டர் கொடுத்தால், கட்டிய மாடலை இடிஎம்எக்ஸ் கோப்பாகச் சேமித்து அடுத்த முறை அதையே படிக்கும். ஆப் பூல் அடையாளத்துக்கு அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை வேண்டும்.

அந்த ஃபோல்டரைத் தயவுசெய்து டிஎல்எல்-கள் இருக்கும் பின் (bin) ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். பின்னுக்குள் எது மாறினாலும் ஆப் டொமைன் ரீஸ்டார்ட் ஆகும். லாக் கோப்பைப் பின்னுக்குள் எழுதும் அப்ளிகேஷன்கள், சைட்டுக்குள் தற்காலிக ஃபோல்டர் உண்டாக்கி அழிக்கும் அப்ளிகேஷன்கள் எல்லாம் இப்படித் தன்னைத் தானே ரீஸ்டார்ட் செய்துகொள்கின்றன. பிஐடி மாறாது, டபிள்யூஏஎஸ் ஈவென்ட் வராது, 40 விநாடி மட்டும் வரும். சந்தேகம் இருந்தால் குளோபல்.ஏஎஸ்ஏஎக்ஸ்-ல் அப்ளிகேஷன் எண்ட் நிகழ்வில் ஹோஸ்டிங் என்விரான்மென்டின் ஷட்டவுன் ரீசனை லாகில் எழுதுங்கள். "பின் டைரக்டரி சேஞ்ச்", "கான்ஃபிகரேஷன் சேஞ்ச்" என்று காரணம் பெயரோடு வரும்.

ஆன்டிவைரஸ், டெம்பரரி ஏஎஸ்பி டாட் நெட் ஃபைல்ஸ் ஃபோல்டரை நேரடியாக ஸ்கேன் செய்துகொண்டிருந்தாலும் முதல் லோடு நீளும். அந்த ஃபோல்டருக்கு விலக்கு கேட்டு வாங்குங்கள்.

பதில் 4

சாப்பாட்டுக்குப் பிறகு வரும் 6, 7 விநாடியை யாரும் தொடவில்லை. ஐடில் டைம்-அவுட் 0, வியூக்கள் காலையிலேயே கம்பைல் ஆனவை. பிஐடியும் மாறியிருக்காது என்று நினைக்கிறேன். எக்ஸ்பிரஸ் என்று படித்ததுமே ஆட்டோ குளோஸ் ஞாபகம் வந்தது.

எக்ஸ்பிரஸில் உருவாக்கும் டேட்டாபேஸ்களுக்கு ஆட்டோ குளோஸ் இயல்பாகவே ஆன். கடைசிக் கனெக்‌ஷன் போனதும் டேட்டாபேஸை முழுக்க மூடி, மெமரியில் இருந்த பக்கங்களையும் க்வெரி ப்ளான்களையும் விட்டுவிடும். அடுத்தவர் வந்ததும் கோப்பைத் திறந்து மறுபடி முதலிலிருந்து. வேலை நடக்கும்போது இது தெரியாமல் இருப்பதற்குக் காரணம் கனெக்‌ஷன் பூலிங். அப்ளிகேஷன் கனெக்‌ஷனை மூடினாலும் பூல் அதைத் திறந்தே வைத்திருக்கும். யாரும் தொடாவிட்டால் சுமார் 4 முதல் 8 நிமிடத்தில் பூல் அதை உண்மையிலேயே மூடும், உடனே டேட்டாபேஸும் மூடிக்கொள்ளும். அரை மணி நேரச் சாப்பாடு தாராளம்.

சிஸ்.டேட்டாபேஸஸ் வியூவில் ஈஸ் ஆட்டோ குளோஸ் ஆன் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். 1 என்றால் இதுதான். எஸ்க்யூஎல் எரர் லாகில் உங்கள் டேட்டாபேஸ் பெயரோடு "ஸ்டார்ட்டிங் அப் டேட்டாபேஸ்" என்ற வரி ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்திருப்பதும் அதே சாட்சி. மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் டேட்டாபேஸ் ப்ராப்பர்ட்டீஸ், ஆப்ஷன்ஸ், ஆட்டோ குளோஸ் ஃபால்ஸ். அப்ளிகேஷனை நிறுத்தத் தேவையில்லை.

ரேம் ஏற்றியும் பலன் இல்லாததற்கும் விடை இதே எக்ஸ்பிரஸ்தான். 2017 எக்ஸ்பிரஸ் ஒரு இன்ஸ்டன்ஸுக்குப் பஃபர் பூலாக 1410 எம்பிக்கு மேல் எடுக்காது. மெஷினில் 8 இருந்தாலும் 16 இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

பதில் 1-ல் ஐடில் டைம்-அவுட் 0 ஆக இருப்பதை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒரே அப்ளிகேஷன் இருக்கும் உங்கள் மெஷினுக்கு அது சரி. ஒரே சர்வரில் இருபது முப்பது சைட் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் 0 போட வேண்டாம், மெமரி தீர்ந்துவிடும். ஐஐஎஸ் 8.5 முதல் ஐடில் டைம்-அவுட் ஆக்‌ஷன் என்ற செட்டிங் இருக்கிறது. அதை டெர்மினேட்டிலிருந்து சஸ்பெண்ட் ஆக்கினால் ப்ராசஸைக் கொல்லாமல் டிஸ்குக்கு ஒதுக்கி வைக்கும். எழுப்ப ஆகும் நேரம் புதிதாகக் கிளப்புவதைவிட மிகக் குறைவு.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. பார்த்ததைச் சொல்கிறேன். சிஸ்டம் லாகில் செவ்வாய் மதியம் 2:04-க்கு 5074 இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பிஐடி ஒன்றே. ஆட்டோ குளோஸ் 1 ஆக இருந்தது, அணைத்த பிறகு மதிய முதல் கிளிக் ஒரு விநாடிக்குள் வருகிறது. டீபக் ட்ரூ இருந்ததும் உண்மை. ப்ரீகம்பைலும் மாடல் ஸ்டோரும் சேர்த்ததும் குளிர்ந்த நிலையிலிருந்து முதல் லோடு 11 விநாடி. ஹேண்ட்லர் லாக் வரி அதிகாலை 4 மணிக்கு விழுகிறது.

மிச்சம் ஒன்று: புது வெர்ஷன் ஏற்றிய உடனே ப்ரீலோடு ஓடுவதாகத் தெரியவில்லை, முதல் ஆளுக்கு அந்த 11 விநாடி விழுகிறது. டிஎல்எல்-களை நேராகப் பின்னில் காப்பி செய்கிறோம்.

பதில் 2 எழுதியவர்

ப்ரீலோடு வொர்க்கர் ப்ராசஸ் கிளம்பும்போதுதான் ஓடும். பின்னில் காப்பி செய்தால் ப்ராசஸ் அப்படியே இருந்து ஆப் டொமைன் மட்டும் மாறுகிறது, அதனால்தான் லாக் வரி விழவில்லை. இன்னொரு கேடும் இருக்கிறது: 30 டிஎல்எல் காப்பி ஆகும்போது யாராவது கிளிக் செய்தால் பாதி பழையது பாதி புதியதாக அப்ளிகேஷன் ஏறப் பார்க்கும், மீதி கோப்பு வந்ததும் மறுபடி ரீஸ்டார்ட்.

சைட் ரூட்டில் முதலில் ஆப்_ஆஃப்லைன்.எச்டிஎம் கோப்பை வையுங்கள், அதில் "இரண்டு நிமிடத்தில் வருகிறோம்" என்று ஒரு வரி. பிறகு எல்லாக் கோப்புகளையும் காப்பி செய்து, ஆப்_ஆஃப்லைனை நீக்கி, உடனே ஆப் கமாண்டில் (appcmd, ஐஐஎஸ்-ன் கமாண்ட் கருவி) ரீசைக்கிள் ஆப் பூல் கொடுங்கள். புதுப் ப்ராசஸ் கிளம்பும், ப்ரீலோடு ஓடும், ஹேண்ட்லர் வரி லாகில் விழும். நான்கையும் ஒரே பேட்ச் கோப்பில் எழுதிவிடுங்கள். கையால் செய்தால் ஒருநாள் ஆப்_ஆஃப்லைனை நீக்க மறந்து எல்லோரும் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.